ஒன்றையொன்று சுட்டும் பொருள்கள்

தருமபுரி மாவட்டத்தில் அரூர் வட்டம் இருக்கிறது. அரூர் வட்டத்தைக் கேட்டால் தன் மாவட்டம் தருமபுரி என்று சொல்ல வேண்டும். இந்த எளிய உறவை ஜாவாஸ்கிரிப்டில் எழுதப் போனால் ஒரு முடிச்சு விழுகிறது. தருமபுரியை உருவாக்கும்போதே அதற்குள் அரூரைக் குறிப்பிட வேண்டும். அரூரோ இன்னும் உருவாகவில்லை. வரிசையை மாற்றினாலும் அதே சிக்கல்தான். ஆகவே முதலில் இரண்டையும் தனித்தனியே உருவாக்கிவிட்டு, பிறகு இணைப்பதே நேர்வழி. ‘தருமபுரி.வட்டங்கள் = [அரூர்]’ என்று ஒரு வரி, ‘அரூர்.மாவட்டம் = தருமபுரி’ என்று அடுத்த வரி. (மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க அந்த மொழி இடம் கொடுக்கிறது.) இது முடிவதற்குக் காரணம், உள்ளே வைக்கப்படுவது பொருளின் நகல் அல்ல, அதைக் காட்டும் சுட்டு மட்டுமே.

இப்படிச் சுற்றிச் சுற்றிச் சுட்டினால் நினைவகம் அடைத்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், நிரலின் பொருள்களும் பக்கத்தின் உறுப்புகளும் (DOM) ஒன்றையொன்று சுட்டியபோது, அந்தப் பயம் நியாயமானது. இன்றைய உலாவிகளோ, நிரலிலிருந்து எட்ட முடியாத பொருள்களை, அவை தமக்குள் எவ்வளவு பிணைந்திருந்தாலும், அப்புறப்படுத்திவிடும். இத்தகைய பொருள்களை ஜேசன் (JSON) உரையாக மாற்ற முயன்றால் பிழை வரும் என்பதும் உண்மை. அங்கே சுட்டுக்குப் பதில் பெயரை எழுதினால் போதும். எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் வட்டம் அங்கே போனது. ஓசூரின் மாவட்டத்தை மட்டும் மாற்றிவிட்டு, தருமபுரியின் பட்டியலிலிருந்து அதை நீக்க மறந்தால் நிரல் எந்தப் பிழையும் காட்டாது. ஒரே கேள்விக்கு இரண்டு விடை தரும். அதனால்தான் பழைய பட்டியலில் நீக்குவது, புதியதில் சேர்ப்பது, வட்டத்தின் சுட்டை மாற்றுவது ஆகிய மூன்றையும் ஒரே செயற்கூற்றுக்குள் வைத்து, வேறெங்கிருந்தும் அவற்றைத் தொடாமல் எழுத வேண்டும் என்கிறேன்.