ஊரைவிட்டுப் போகும் உரிமை

அரசு என்பது ஒரு வர்க்கம் மற்றொரு வர்க்கத்தை அடக்கிவைக்கும் கருவி என்பதும், வர்க்கங்கள் மறைந்தபின் அக்கருவி வேலையற்று உலர்ந்து உதிர்ந்துவிடும் என்பதும் மார்க்சியக் கோட்பாட்டின் மையக் கூற்றுகள். 1917இல் தலைமறைவாக இருந்தபோது ரஷ்யப் புரட்சித் தலைவர் லெனின் எழுதிய 'அரசும் புரட்சியும்' இதையே வலியுறுத்தியது. இடைக்காலத்துக்குப் பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம், அதாவது பழைய சுரண்டும் சிறுபான்மையினர்மீது உழைக்கும் பெரும்பான்மையினர் செலுத்தும் ஆட்சி, வேண்டும் என்றும், அதன் அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கவும் திரும்ப அழைக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்ன அந்நூல், எதிர்க்கட்சியோ சுதந்திரமான நீதிமன்றமோ இல்லாத நாட்டில் அவ்வுரிமையை யார் காப்பது என்பதைச் சொல்லவில்லை.

இக்குறையின் விலையைக் கொடுத்தவர்கள் உழவர்கள். ஜார் ஆட்சியில் உழவர் தம் ஊரைவிட்டு வெளியே சென்று பிழைக்க உள்நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. அதை ஒழித்து, விரும்பிய இடத்தில் குடியேறும் உரிமையை வழங்க வேண்டும் என்று கிராமப்புற ஏழைகளுக்காக 1903இல் எழுதிய சிறுநூலில் லெனினே கோரியிருந்தார். ஆனால் 1932 டிசம்பர் 27 அன்று சோவியத் அரசு அதே முறையை மீண்டும் கொண்டுவந்தது. 16 வயது நிரம்பிய நகரவாசிகளுக்குக் கடவுச்சீட்டும், அதில் வசிப்பிடத்தைக் குறிக்கும் 'புரொபிஸ்கா' என்ற பதிவும் கட்டாயமாயின. கூட்டுப் பண்ணை உழவர்களுக்கோ பெரும்பாலும் கடவுச்சீட்டே கிடையாது. வெளியூர் செல்லக் கிராம சோவியத்திடம், அதாவது ஊர் மன்றத்திடம், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் செல்லும் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. பஞ்சம் கடுமையாகிக்கொண்டிருந்த 1933 ஜனவரியில், உக்ரைனிலிருந்தும் வடக்குக் காகசஸின் குபானிலிருந்தும் உழவர்கள் வெளியேறுவதைத் தடுக்கக் கட்சித் தலைவர் ஸ்டாலினும் அரசுத் தலைவர் மோலோத்தவும் ஆணையிட்டனர். சில வாரங்களுக்குள் சுமார் 2,20,000 பேர் மறிக்கப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தப் பசிக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ அதே பசிக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இதை ஸ்டாலின் ஒருவரின் கொடுமை என்று ஒதுக்கிவிடுவது வசதியானது, ஆனால் சரியன்று. 1956இல் அவருக்குப்பின் வந்த குருசேவ் அவரைக் கண்டித்த பிறகும் இம்முறை நீடித்தது. காரணம் பண்ணையின் கணக்கிலேயே இருந்தது. உழவருக்கு மாதச் சம்பளம் இல்லை. செய்த வேலை 'உழைப்பு நாள்' என்ற அலகில் பதியப்பட்டு, அரசுக்கு உரிய தானியத்தை அளந்து கொடுத்தபின் எஞ்சியதே ஆண்டிறுதியில் அவ்வலகுகளின்படி பங்கிடப்பட்டது. உறுதியான ஊதியம் 1966இல்தான் வந்தது. இத்தகைய கூலிக்கு மனமுவந்து தங்குவோர் குறைவு என்பதால், ஆளை நிறுத்திவைக்கக் கடவுச்சீட்டு மறுப்பு தேவைப்பட்டது. இராணுவச் சேவை முடித்த இளைஞர்கள் பலர் ஊர் திரும்பாமல் நகரத்தில் வேலை தேடிக்கொண்டார்கள். பெண்களுக்கும் முதியோருக்கும் அந்த வழியும் இல்லை. நிலத்தின் உடைமையாளரும், விளைச்சலை வாங்குபவரும், வழியில் மறிக்கும் காவலரும் ஒரே அரசாக இருக்கும்போது, ஒருவர் முறையிட வேறு வாசல் ஏது? தனியுடைமை ஒழிந்தால் மனிதர் விடுதலை பெறுவார் என்ற கோட்பாடு கணக்கில் எடுக்கத் தவறியது இதைத்தான்.

கூட்டுப் பண்ணை உழவர் அனைவருக்கும் கடவுச்சீட்டு வழங்கும் பணி 1976 ஜனவரி 1 அன்று, 1917 புரட்சி நடந்து 58 ஆண்டுகள் கடந்தபின், தொடங்கியது. கையில் கடவுச்சீட்டு வைத்திருந்த ஆலைத் தொழிலாளியின் நிலையும் பெரிதாக மேம்பட்டதன்று. அனுமதியின்றி வேலையைவிட்டு விலகுவதையே 1940 ஜூன் ஆணை குற்றமாக்கியது.