சேற்றில் புதைந்த வாகனத்தை எதைக் கட்டி இழுப்பது?

கடந்த கார்த்திகை மழையில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் ஒழுங்கையில் நான் போன வான் அச்சுவரை புதைந்துவிட்டது. அயலில் உழுதுகொண்டிருந்த அண்ணை ஒருவர் உழவு இயந்திரத்தோடு உதவிக்கு வந்தார். சங்கிலி கொழுவி இழுத்தார்கள். இரண்டாவது இழுவையில் உழவு இயந்திரப் பக்கத்துக் கொழுக்கி நிமிர்ந்து விடுபட்டு, வானின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. சாரதி அப்போது கதவால் தலையை வெளியே நீட்டிப் பின்சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் தப்பினார்.

"2008 மாரியில இந்தச் சங்கிலியாலதான் எத்தினை பேரின்ர பெட்டியை இழுத்தனான் தெரியுமே" என்றார் அண்ணை. உண்மைதான். இடப்பெயர்வின்போது கையில் கிடைத்ததைக் கட்டித்தான் இழுத்தோம். வேறு வழி இருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது, பழக்கம்தான் மாறவில்லை.

இழுவையின்போது ஆளைக் கொல்வது பெரும்பாலும் கயிறோ பட்டியோ அல்ல, அதன் நுனியில் இருக்கும் இரும்புதான். துணிப்பட்டி மட்டும் அறுந்தால் அது சாட்டையாக வந்து அடிக்கும். கொழுக்கியோ ஷக்கிளோ சேர்ந்து வந்தால் அது குண்டு. எனவே இரு நுனியிலும் தைத்த வளையம் உள்ள, கொழுக்கி இல்லாத பட்டியையே வாங்குங்கள்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பொலியெஸ்டர் பட்டி மிகக் குறைவாகவே நீளும்; பழுதான வாகனத்தை வீதியில் இழுத்துச் செல்லவும், மெதுவாக இழுத்து எடுக்கவும் அதுதான் பொருத்தம். நைலோன் பட்டி தன் நீளத்தில் 20 சதவீதமளவு, சிலது அதற்கும் மேல் நீண்டு, றப்பர்போலச் சுருங்கி வாகனத்தை வெளியே எடுக்கும். உந்தி இழுப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. பொலியெஸ்டரைக் கட்டிவிட்டு ஓடிவந்து உந்தி இழுத்தால் பட்டியோ வாகனத்தின் கொழுவிடமோ பிய்யும். வேகம் இரண்டு மடங்கானால் அடியின் சக்தி நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம்.

பட்டியில் முறிவு வலு எழுதிய லேபிள் இருக்க வேண்டும். லேபிள் இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். உந்தி இழுக்கும் பட்டிகளுக்கு ஆஸ்திரேலியாவில் கட்டாயமாக்கப்பட்ட அறிவுறுத்தல், முறிவு வலு இரு வாகனங்களில் எடை குறைந்ததன் மொத்த எடையைப்போல 2 முதல் 3 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது. சுமையோடு 3 தொன் வரும் வானுக்கு 6 முதல் 9 தொன். முடிச்சுப் போட்டால் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

எங்கே கொழுவுவது? சட்டகத்தோடு பொருத்திய இழுவை வளையத்தில் மட்டும். பம்பர், அச்சு, ஸ்டியரிங் தண்டு எதிலும் கட்ட வேண்டாம். பின்னால் பெட்டி கொழுவும் குண்டுமுனையிலும் வேண்டாம். அது முறிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இழுக்க வருவது பெரும்பாலும் உழவு இயந்திரம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டியைப் பின் அச்சிலோ, மேல் இணைப்புப் புள்ளியிலோ கட்டவே கூடாது. கீழே இருக்கும் இழுவைச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால், புதைந்த வாகனம் அசையாதபோது இயந்திரத்தின் விசை அதன் முன்பகுதியையே தூக்கும். முன்சில்லு எழும்பி, இயந்திரம் பின்பக்கமாகக் கவிழ ஒரு நொடி போதும். பாதுகாப்புச் சட்டம் இல்லாத பழைய இயந்திரங்களில் சாரதி அதனடியிலேயே அகப்படுவார். குறைந்த கியரில், பட்டியின் தொய்வை எடுத்தபின் கிளச்சை மெல்ல விடுங்கள். முன்சில்லு சற்று எழும்பினாலும் உடனே கிளச்சை மிதிக்க வேண்டும்.

இழுப்பதற்கு முன் சில்லுக்கு முன்னால் உள்ள சேற்றை வெட்டி எடுத்து, பனை மட்டையோ தடியோ போட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் மண்ணை வெட்டும் இடத்தை யோசியுங்கள். வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி முடியவில்லை. சிவப்பு எச்சரிக்கைப் பலகை தெரிந்தாலோ, அந்த நிலம் துப்புரவாக்கப்பட்டதா என்று ஊரவருக்கே தெரியாவிட்டாலோ, மண்வெட்டியைத் தொடாதீர்கள். உறுதியான பிடிமானம் தேடிப் பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். வந்த சில்லுத் தடத்தின் வழியே வெளியேறுங்கள். வெடிபொருள் எதையும் கண்டால் 119க்கு அறிவியுங்கள். வாகனம் ஒரு நாள் சேற்றில் கிடந்தால் ஒன்றும் ஆகாது.

பட்டி இறுகும்போது இரு வாகனச் சாரதிகளைத் தவிர எவரும் அருகில் நிற்கக் கூடாது. பட்டியின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம், அதுவும் பக்கவாட்டில். 9 மீற்றர் பட்டி என்றால் 14 மீற்றர். பட்டியின் நடுவில் ஈரச்சாக்கைப் போட்டால், அறுந்தாலும் பாயும் வேகம் குறையும். நம்மிடம் இதுதான் கடினம்: வாகனம் புதைந்தால் ஊரே கூடும், பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பார்கள். ஒருவரை அவர்களைத் தடுக்கவே நிறுத்துங்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு: முன்சில்லால் ஓடும் பிரியஸ், அக்குவா போன்றவற்றை முன்சில்லு நிலத்தில் உருள வீதியில் இழுத்துச் செல்லக் கூடாது. முன்பக்கத்தைத் தூக்கியோ, லொறியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

பட்டியை வேலை முடிந்ததும் கழுவி, நிழலில் உலர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நூலுக்குள் புகுந்த மணல் உள்ளிருந்தே அறுக்கும். நனைந்த நைலோனுக்கு வலு குறைவு. ஓரத்தில் சிறு வெட்டு, தையல் பிரிவு, உருகிய அடையாளம் ஏதாவது கண்டால், ஆட்டைக் கட்டக்கூட வைக்காமல் இரண்டாக வெட்டி எறியுங்கள். வைத்திருந்தால் அடுத்த மழையில் யாராவது அதை எடுத்துக்கொண்டு வருவார்கள்.