கல்லாவில் இருப்பவர் செயற்குழுவில் இல்லையே!

மளிகைக் கடை வைத்திருக்கும் நமக்கு லிஜ்ஜத் அப்பளத்தைத் தெரியாமல் இராது. மிளகும் பெருங்காயமும் மணக்கும் அந்த உளுந்து அப்பளத்தைச் சரக்காக மட்டுமே நாம் பார்த்திருப்போம். அதற்குப் பின்னால் வியாபாரிகளாகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காம் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் 7 குஜராத்திப் பெண்கள் கூடினார்கள். கையில் இருந்த முதல், கடனாகப் பெற்ற 80 ரூபாய். அன்று இட்டது 4 கட்டு அப்பளம். புலேஷ்வர் கடைவீதியில் தெரிந்த ஒரு வியாபாரி அதை வாங்கி விற்றுக் கொடுத்தார். நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று அந்தப் பெண்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். கடன் கொடுத்த சகன்லால் பாரேக் என்ற பெரியவரும், தரம் குறையக் கூடாது, கணக்கு ஒழுங்காக எழுத வேண்டும் என்பதை வலியுறுத்தினார்.

முதல் ஆண்டிலேயே மழைக்காலம் வந்தது. வெயில் இல்லாமல் அப்பளம் காயவில்லை. 4 மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பு வைத்துக் காயவைத்தார்கள். ஆட்கள் பெருகி மாடியில் இடம் போதாமல் போனதும், பிசைந்த மாவை வீட்டிற்குக் கொடுத்தனுப்பி, இட்டு வந்ததை நிறுத்து வாங்கிக் கூலி கொடுக்கும் முறை பிறந்தது. இன்று அந்த அமைப்பில் 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். நிறுவியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அப்பளம் இடுவதில் வியப்பு ஒன்றும் இல்லை. நம் ஊர்களிலும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இட்டு வருகிறார்கள். வேறுபாடு ஓர் இடத்தில்தான். அங்கே அப்பளம் இடுகிறவர்களே உடைமையாளர்கள். உறுப்பினராகப் பெண்களுக்கு மட்டுமே இடம். ஆண்கள் சம்பளத்திற்கு வேலை செய்யலாம். தலைவர் முதல் பொருளாளர் வரை 21 பேர் கொண்ட நிர்வாகக் குழுவும் பெண்களே. உழைப்பு அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது.

இனி நம் கடைக்கு வருவோம். மொத்தக் கடைக்குச் சரக்கு எடுக்க நாம் போயிருக்கும் நேரத்தில் கல்லாவில் இருப்பது யார்? எந்த வீட்டில் எத்தனை ரூபாய் பாக்கி என்று நோட்டைப் பாராமலே சொல்வது யார்? பல கடைகளில் அது வீட்டம்மாதான். ஆனால் உரிமம் நம் பெயரில், நடப்புக் கணக்கு நம் பெயரில், ஜி.எஸ்.டி. பதிவும் நம் பெயரில்.

நாம் நன்றாக இருக்கும் வரை இது குறையாகத் தோன்றாது. உரிமையாளர் திடீரென்று கண்மூடிவிட்டால்தான் நிலைமை புரியும். தனி உரிமையாளர் கடையின் ஜி.எஸ்.டி. பதிவு அவருடைய பான் எண்ணைச் சார்ந்தது. வாரிசு தம் பெயரில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். வங்கியில் நியமனதாரர் பெயர் தரப்படவில்லை என்றால், வாரிசுச் சான்றிதழுக்காக அலைய வேண்டும். இருபது ஆண்டு அந்தக் கடையை நடத்திய பெண், துக்க வீட்டின் ஈரம் காயுமுன், "நீங்கள் யார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரிக்கும் பாக்கி எப்போது வரும் என்று தெரியாது. ஆக, இது இரு தரப்புக்கும் நஷ்டம்.

"கொள்முதல், வசூல், அதிகாரிகளைப் பார்ப்பது எல்லாம் பெண்களால் முடியுமா?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். அகமதாபாத்தில் கூடை சுமந்தும் தள்ளுவண்டி வைத்தும் பிழைத்த பெண்கள் 4,000 பேர், ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு 1974-இல் 'சேவா' கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. வங்கியையே நடத்த முடிந்தவர்களுக்கு வசூல் எம்மாத்திரம்?

சட்டமும் நமக்கு முன்னால் போய்விட்டது. தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக வருவோரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். நடைபாதையில் கீரை விற்கும் அம்மாவுக்குக் குழுவில் நாற்காலி உண்டு. நம் சங்கத்தின் செயற்குழுவில்? ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற மட்டும் அழைக்கிறோம்.

ஆகவே வணிகப் பெருமக்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது, இந்த மாதமே வங்கிக்குச் சென்று, கடைக் கணக்கில் நியமனதாரரைப் பதிவு செய்யுங்கள். கடையை உண்மையில் நடத்துவது மனைவியோ மகளோ என்றால், உங்கள் கணக்காளரைக் கலந்து பதிவுகளை அவர் பெயரிலேயே எடுக்க வழி செய்யுங்கள். இரண்டாவது, கடை நடத்தும் பெண்களைச் சங்கத்தில் அவர்கள் பெயரிலேயே உறுப்பினராகச் சேருங்கள். மூன்றாவது, அடுத்த பொதுக்குழுவில் செயற்குழு இடங்களில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கத் தீர்மானம் கொண்டு வாருங்கள். மகளிர் அணி என்று தனியே ஒதுக்கிவிடாமல், கொள்முதல் விலையும் வாடகைப் பிரச்சினையும் பேசும் அதே மேசையில் இடம் கொடுங்கள்.

கல்லாச் சாவியை நம்பிக் கொடுத்த கைகளுக்குத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடும் உரிமையையும் கொடுப்பதுதான் வியாபார நாணயம்.