சொட்டுவானில் உப்பு அடைப்பு: அமிலம் கொண்டு பத்திரமாக நீக்கும் முறை

வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியிலும், டீக்கடை பாய்லரின் உள்ளேயும் வெள்ளைப் பொருக்குக் கட்டுவதை நாம் அறிவோம். அதே பொருக்குதான் சொட்டுநீர்க் குழாயில் உள்ள சொட்டுவானின் நுண்துளையையும் அடைக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் பல கிணறுகளின் நீர் கடினமானது. எனவே இங்கு இத்தொல்லை அதிகம்.

மல்லிகைத் தோட்டத்தின் கடைசி வரிசைகள் வாடத் தொடங்கியதும், குழாயே மட்டமானது என்று எண்ணி அதைச் சுருட்டி வரப்போரம் போட்டுவிடுவோரும் உண்டு. சிறு, குறு விவசாயிகள் முழு மானியத்தில் பெற்ற கருவி அது. மறுபடி மானியம் கேட்க 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சில லிட்டர் அமிலத்தில் தீரக்கூடிய குறைக்காக அதை இழக்கலாமா?

அடைப்பு ஏற்படுவது ஏன்?

மண்ணில் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று, கரிசலின் அடியில் உள்ள சுக்கான்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அந்தச் சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாமல் கிணற்று நீரில் இருக்கும். நீர் மேலே வந்ததும் வாயு வெளியேறுகிறது. கறுப்புக் குழாய் வெயிலில் சூடேறுகிறது. சொட்டுவானின் வாயில் நீர் காய்கிறது. அப்போது சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிந்துவிடுகிறது. இத்தகைய நீரில் டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் உரங்களைக் கரைத்து விட்டால் படிவு இன்னும் கூடும்.

முதலில் அறிய வேண்டியவை

அடைப்பு எல்லாம் சுண்ணாம்பு அல்ல. சொட்டுவானில் சுரண்டிய பொடியின் மீது எலுமிச்சைச் சாறு சில துளி விடவும். நுரைத்தால் அது சுண்ணாம்பு. வழவழப்பான பாசியாகவோ, மண்ணாகவோ இருந்தால் அமிலத்தால் பயனில்லை.

மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் 15 நிமிடத்தில் 1 லிட்டர் நீர் தர வேண்டும். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் பாத்திரம் வைத்து அளந்து பாருங்கள். அளவு குறையத் தொடங்கியதுமே சிகிச்சை செய்வது நலம். முற்றிலும் அடைத்த துளைக்குள் அமில நீரும் புகாது.

அமிலத்தின் அளவு

சுமார் 33 சதவீதச் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் இதற்கு ஏற்றது. கழிப்பறை கழுவும் கலவையும், பேட்டரி ஆசிட்டும் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் பாசன நீரை எடுத்து, ஒவ்வொரு மில்லியாக அமிலம் விட்டுக் கலக்கி, பி.எச். தாளில் சோதிக்கவும். தாள் 4 என்று காட்டும்போது நிறுத்தவும். படிவு மிகுதியானால் 3 வரை போகலாம்.

உதாரணமாக, 10 லிட்டருக்கு 8 மில்லி தேவைப்பட்டதாகக் கொள்வோம். குழாய் அமைப்பு மணிக்கு 12,000 லிட்டர் நீர் பாய்ச்சினால், 15 நிமிடத்திற்கு 3,000 லிட்டர். ஆகவே தேவையான அமிலம் 2,400 மில்லி, அதாவது 2.4 லிட்டர்.

செய்முறை

1. வடிகட்டியைக் கழுவி, குழாய்களின் கடைசி மூடிகளைத் திறந்து மண்ணையும் தூசியையும் வெளியேற்றவும்.

2. பிளாஸ்டிக் தொட்டியில் 10 லிட்டர் நீர் ஊற்றி, அதில் அமிலத்தை மெதுவாகச் சேர்க்கவும்.

3. மோட்டாரை ஓட்டி, நீர் சீராகப் பாயும்போது வெஞ்சுரி வழியே இக்கரைசலை 15 நிமிடத்தில் செலுத்தவும். இரும்பு உரத்தொட்டியைப் பயன்படுத்தக் கூடாது. அமிலம் அதை அரித்துவிடும்.

4. கடைசிச் சொட்டுவானின் நீரைத் தாளில் சோதிக்கவும். அங்கும் 4 காட்டினால் மோட்டாரை நிறுத்தலாம். வடிகட்டியின் கம்பி வலையை உடனே எடுத்து நல்ல நீரில் கழுவவும்.

5. அமில நீர் 24 மணி நேரம் குழாயில் இருக்கட்டும். பின்பு முதன்மைக் குழாய், துணைக் குழாய், பக்கவாட்டுக் குழாய் என்ற வரிசையில் திறந்து, தெளிந்த நீர் வரும் வரை கழுவவும். பிறகு மூடியைப் போட்டுச் சிறிது நேரம் நல்ல நீர் பாய்ச்சினால் வேருக்குத் தீங்கு இராது.

உயிர் காக்கும் விதிகள்

எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி, செருப்பு அவசியம். காற்றின் திசையறிந்து, புகை மேலே படாதவாறு நின்று ஊற்றவும்.

பிளீச்சிங் பவுடரும் அமிலமும் ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால் உயிரைப் பறிக்கும் குளோரின் வாயு கிளம்பும். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியை இதற்கு எடுக்காதீர்கள்.

மும்முனை மின்சாரம் நிச்சயமாக உள்ள வேளையில் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் நின்றால் அமில நீர் கிணற்றுக்குத் திரும்பாதபடி, திரும்பா வால்வு சரியாக இருப்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் கழுவிய நீர் கால்நடைத் தொட்டியில் விழக் கூடாது.

மீந்த அமிலத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது தண்ணீராகத் தெரியும். வாங்கி வந்த கேனிலேயே மூடி, எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவும். மேலே பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் அவ்வாறே கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். யாரேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

வீட்டுப் பாத்திரத்தின் பொருக்குக்கு இந்த அமிலம் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் நீரில் இட்டுக் காய்ச்சி, அரைமணி ஊறவிட்டு, நன்கு அலசினால் போதும். அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் இது ஆகாது. கழற்றக்கூடிய சொட்டுவான்களையும் இதே கரைசலில் ஊற வைக்கலாம்.

எத்தனை மாதத்திற்கு ஒரு முறை சிகிச்சை தேவை என்பது அவரவர் கிணற்று நீரைப் பொறுத்தது. மண் பரிசோதனை நிலையத்தில் நீரைச் சோதித்துக்கொள்ளலாம். ஐயமிருப்பின் கோவிலாங்குளம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். மாதம் ஒரு நாள் சொட்டுவானை அளந்து பார்க்கும் பழக்கம் இருந்தால், கடைசி வரிசைச் செடியும் முதல் வரிசையைப் போலவே பூக்கும்.