பூங்காவில் ஒரு தேநீர்ப் பந்தல்

ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணித் திருத்தலத்தில் கொடியேறுகிறது. அதற்குப் பல நாள்கள் முன்பே காவியுடை தரித்த பக்தர்கள் சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் கால்நடையாய்ப் புறப்பட்டு, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியே அன்னையின் ஆலயம் நோக்கிச் செல்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வழியோரத்து மக்கள் பந்தலிட்டு அவர்களுக்கு மோரும் தேநீரும் அன்னமும் அளிக்கின்றனர். அவ்வாறு அளிப்போரில் பிற சமயத்தவரும் உளர். செப்டம்பர் 8ஆம் நாள் பெருவிழா முடிந்ததும் பந்தல்கள் பிரிக்கப்படுகின்றன. தாகமோ ஆண்டு முழுதும் இருக்கிறது.

நோயாளியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வெளியே காத்துக் கிடக்கும் உறவினர், அன்றைய கூலிவேலை கிடைக்காமற் போனவர், வீட்டில் பேச்சுத் துணையற்ற முதியவர் ஆகியோர் நம் நகரங்களின் பூங்காக்களில் அமர்ந்திருக்கின்றனர். வாரம் ஒரு நாளேனும் அவர்களுக்கு விலையின்றித் தேநீர் வழங்க ஒரு பங்கின் குடும்பங்களால் இயலாதா?

இது நம் மண்ணுக்குப் புதிய அறமன்று. திருநாவுக்கரசர் கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டுக் கரையேறிய தலமெனச் சைவர் போற்றும் திருப்பாதிரிப்புலியூர், கடலூரிலேயே இருக்கிறது. அவரை நேரில் கண்டறியாத அப்பூதியடிகள், திங்களூரில் தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கு அவர் பெயரையே சூட்டினார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. ஈந்தவர் தம் பெயரை எழுதிக்கொள்ளவில்லை என்பது நம் கவனத்துக்குரியது.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகளார், 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்படுகிறது. சாதியும் சமயமும் வினவாமல் அங்கே பசியாற்றுகின்றனர். கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் நம்மவர் பலர் அவ்வூரைக் கடந்தே போகின்றனர்.

தேநீரையும் ஒரு காலத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். 1930களில் தேயிலை வாணிகத்தைப் பெருக்க அமைந்த வாரியம், சந்தைகளிலும் திருவிழாக்களிலும் தேநீர் தயாரித்துக் காட்டி மக்களைப் பருகச் செய்தது. இன்று சுவைத்தவன் நாளை விலைக்கு வாங்குவான் என்பதே அக்கொடையின் கணக்கு. நாமும் கைம்மாறு கருதிக் கொடுப்போமாயின், அது புகழாயினும், ஆள் சேர்ப்பதாயினும், வாணிகமே ஆகும். துண்டுத்தாளைக் கையில் திணித்த பின்பு குவளையை நீட்டுவது தருமமாகாது.

இதனினும் கடினமான செய்தி ஒன்றுண்டு. தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தனிக்குவளை வைத்த கொடுமையை நாடறியும். இரட்டைக் குவளை முறை என்றே அதற்குப் பெயருண்டு. திருச்சபையாகிய நாமோ அந்நோய் அண்டாதவர்கள் அல்லோம். நம் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் 2008 மார்ச் மாதம் கிறிஸ்தவர்களிடையே எழுந்த சாதிப் பூசல், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் மாள்வதில் முடிந்தது. ஒரே பலிபீடத்தை அண்டி நிற்போர் ஒருவரையொருவர் விலக்கி வைப்பது எத்துணை முரண்!

யாக்கோபின் கிணற்றருகே களைத்து அமர்ந்த நம் ஆண்டவர், சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். யூதர் சமாரியரின் பாத்திரத்தில் புழங்காத காலம் அது. அவள் வியந்தாள். அவரோ அவளது குடத்து நீரைக் கேட்கக் கூசவில்லை. ஆகவே நம் பந்தலின் முதல் விதி இதுவாகவே இருத்தல் வேண்டும்: குவளைகள் யாவும் ஒரே வகையின, கழுவும் இடமும் ஒன்றே. ஊற்றும் கைகளும் பங்கின் எல்லாத் தெருக்களிலிருந்தும் வரட்டும். கொடுப்பவர் எப்போதும் ஒரு தெருவார், வாங்குபவர் எப்போதும் வேறு தெருவார் என்றிருந்தால் பழைய பிளவு புதிய உருவில் தொடரும்.

செய்முறை எளிதே. கடலூரில் மாநகராட்சியிடமும் சிதம்பரத்தில் நகராட்சியிடமும் எழுத்து மூலம் இசைவு பெறுக. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்க. நூறு பேருக்கு ஆளுக்கு 100 மில்லி வீதம் 10 லிட்டர் தேநீர் வேண்டும். 5 லிட்டர் பால், அதே அளவு நீர், ஏறத்தாழ கால் கிலோ தேயிலைத் தூள், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை, ஒரு கைப்பிடி இஞ்சி ஆகியன போதும். நீரிழிவுற்றோர்க்குச் சர்க்கரையின்றி ஒரு பாத்திரம் தனியே இருக்கட்டும். நெகிழிக் குவளைகளும் நெகிழி பூசிய காகிதக் குவளைகளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. எனவே எவர்சில்வர் குவளைகளையே கொதிநீரில் கழுவிப் பயன்படுத்துதல் நன்று.

இரண்டு பெஞ்சுகளும் போடுக. குடித்தவுடன் எழுந்து போகும்படி எவரையும் விரட்டற்க. நின்று ஊற்றுவோர் சிறிது நேரம் அவர்களோடு அமர்ந்து தாமும் ஒரு குவளை பருகட்டும். பெரும்பாலும் அப்போதுதான் மருத்துவமனைச் செலவின் கவலையும், பிள்ளைகள் கைவிட்ட துயரமும் வாய் திறந்து வெளிவரும். அவற்றை வின்சென்ட் தே பவுல் சபையார் கேட்டறிந்து ஆவன செய்யலாம்.

அன்பார்ந்த குடும்பங்களே! தொடக்கத்திலேயே பெருந்திட்டம் தீட்டி, இரண்டு மாதத்தில் ஓய்ந்துபோதல் வேண்டா. குடும்பத்துக்கு மாதம் ஒரு முறை என்ற அளவில் முறைவைத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு மாலை மட்டும் தொடங்குங்கள். சிறுவர்களையும் உடன் அழைத்துச் சென்று குவளை கழுவச் செய்யுங்கள். யார், எவர் என்று கேளாமல் பரிமாறும் பழக்கம் இளமையிலேயே அவர்கள் கைகளில் படியட்டும்.