ஏழு சொற்கள் மறைத்த கார்லின்

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின், ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சிக்கு வழங்கிய முதல் தனிநிகழ்ச்சி 1977-இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கடைசிப் பகுதிக்கே ஓடுகிறார்கள். தொலைக்காட்சியில் சொல்லவே கூடாத ஏழு சொற்களை அவர் அலசும் பகுதி அது. அதற்கு முன் காட்சியை அப்படியே நிறுத்தி, திரையில் எச்சரிக்கை வாசகம் போட்டார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. இதே பொருளில் அவர் பேசிய இசைத்தட்டை 1973-இல் நியூயார்க் வானொலி ஒன்று பட்டப்பகலில் ஒலிபரப்ப, அது வழக்காகியிருந்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வானொலிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்த வழக்கின் புகழ் அந்த நிகழ்ச்சியையே விழுங்கிவிட்டது என்பேன். கார்லினின் பாணி உருவாவதைப் பார்க்க வேண்டுமானால் முன்பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே நாயும் பூனையும் வருகின்றன. மனிதர்கள் நடக்கும் விதம் வருகிறது. படியேறும்போது இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை ஓங்கி வைக்கிறோமே, அந்த ஒரு கணத்தை அவர் உடம்பாலேயே காட்டுகிறார். அறுபதுகளில் கோட்டும் டையுமாகத் தொலைக்காட்சியில் தோன்றி, வேடிக்கையான வானிலை அறிவிப்பாளராக நடித்துப் பெயர் வாங்கியவர் அவர். இப்போது தாடியோடு, வேடம் எதுவும் இல்லாமல், எல்லோருக்கும் நேர்வதையும் யாரும் கவனிக்காததையும் எடுத்துப் பேசுகிறார்.

‘இதெல்லாம் சில்லறை வேடிக்கை, போரையும் வர்க்கத்தையும் சாடிய பிற்காலக் கார்லின் வேறு ஆள்’ என்று சிலர் சொல்லலாம். பொருள் மாறியது உண்மைதான், கோபமும் கூடியது. ஆனால் பார்வை மாறவில்லை. 1990 நிகழ்ச்சியில், போரில் மனம் உடைந்த வீரனின் நிலைக்குச் சூட்டிய பெயர்களை வரிசையாக எடுக்கிறார். முதல் உலகப் போரில் ‘ஷெல் ஷாக்’ என்ற இரண்டே அசை. வியட்நாம் போருக்குப் பிறகு அது ‘போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸ்ஆர்டர்’ என்று எட்டு அசையாகிவிட்டது. அசைகளை எண்ணிக்காட்டி, பெயர் நீள நீள வலி அதற்குள் புதைந்துபோனதை நிறுவுகிறார். இல்லாத படியில் கால் வைக்கும் கணத்தைப் பிடித்த அதே கண்தான் இது. வெறும் வசைச்சொல்லால் அதிர்ச்சி தருகிறவராக மட்டும் இருந்திருந்தால், 1992-இல் வளைகுடாப் போரைப் பேசிய அதே மேடையில் விமானப் பணிப்பெண்ணின் அறிவிப்பையும் வரிவரியாகப் பிரித்துப்போட்டிருக்க மாட்டார்.