வெள்ளைக் குளிசையும் சிவப்புக் குளிசையும்

எனது வலது முழங்காலுக்குள் ஒரு ஷெல் சிதறல் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு படுவான்கரையை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது பட்டது. "எடுக்கப்போனால் நரம்பு பாதிக்கும், இருக்கட்டும்" என்றார்கள். இருந்துவிட்டது. மாரி காலத்திலும், வெட்டுக்காலத்தில் வயலில் குனிந்து நின்ற நாட்களிலும் அந்த இடம் உளையும். இரவில் காலை நீட்ட முடியாது.

எங்களில் பலருக்கு இப்படித்தான். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குத் தோள், இன்னொருவருக்கு இல்லாத காலில் நோ. எங்கள் வீடுகளில் அரிசி இல்லாத நாள் இருந்திருக்கிறது. நோக் குளிசை இல்லாத நாள் இல்லை. அந்தக் குளிசையால் நான் சாகப் பார்த்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் கிளினிக்குக்குப் போனேன். "வேறு ஏதும் மருந்து பாவிக்கிறீங்களா?" என்று டொக்டர் கேட்டார். "இல்லை" என்றேன். உண்மையில், பாமசியில் துண்டில்லாமல் வாங்கிய சிவப்புக் குளிசையை அப்போதே காலையும் மாலையும் போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் மறைத்தேன்? ஏசுவார் என்ற பயம். காயத்தைப் பற்றிக் கதை தொடங்கினால் "எப்படிப் பட்டது, அப்ப எங்க இருந்தீங்க?" என்ற கேள்விகள் வரும் என்ற பயம் அதைவிடப் பெரிது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழும்பி வரப் பழகியவர்கள் நாங்கள்.

கிளினிக்கில் தந்தது வெள்ளைக் குளிசை. நிறம் வேறு, பெயர் வேறு. ஆகவே மருந்தும் வேறு என்று நினைத்தேன். இரண்டையும் ஒரே பிஸ்கற் ரின்னில் போட்டுவைத்து, மூன்று கிழமையாக இரண்டையும் விழுங்கினேன். காலையில் வெறும் பிளேன்ரீயோடு.

பிறகு நெஞ்சுக்குக் கீழே எரிவு தொடங்கியது. மலம் தார்போலக் கறுப்பாகப் போனது. இதை யாரிடம் சொல்வது? கீரை சாப்பிட்டதால் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நான்காம் நாள் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தேன். மகள் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரைப்பையில் புண்ணாகி இரத்தம் கசிந்திருந்தது. இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள்.

நேர்ஸ் பிள்ளை என் ரின்னைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தார். "இது ரெண்டும் ஒண்டுதான் அக்கா. ரெண்டும் டைக்ளோபெனாக். நீங்க இரட்டிப்பாப் போட்டிருக்கீங்க" என்றார்.

ஒரு மருந்து, பல பெயர்

ஒவ்வொரு மருந்துக்கும் மூலப் பெயர் ஒன்றுதான். கம்பனிகள் வைக்கும் பெயர்கள் பல. பனடோல் என்பது பரசிற்றமோல். வோல்டரன் என்பது டைக்ளோபெனாக். புரூபென் என்பது ஐபுபுரோபென். மாதவிடாய் நோவுக்குப் பலர் போடும் பொன்ஸ்டன் என்பது மெபனமிக் அசிட். மருந்தை மூலப் பெயராலேயே எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று எழுபதுகளிலேயே எங்கள் நாட்டில் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே.

டைக்ளோபெனாக், ஐபுபுரோபென், மெபனமிக் அசிட் மூன்றும் ஒரே குடும்பம். வீக்கத்தையும் நோவையும் உண்டாக்கும் பொருளை உடலில் சுரக்கவிடாமல் இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு இரத்தம் ஓட உதவுகிறது. அதனால்தான் நோ குறையும்போதே வயிற்றில் புண் வரலாம். சாப்பிட்டபின் போட்டால் எரிவு குறையும்; ஆபத்து முழுதாகப் போகாது. ஊசியாகப் போட்டாலும் அப்படியே.

கவனத்தில் வையுங்கள்

இந்தக் குடும்பத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். சொன்ன அளவு, சொன்ன நாள் மட்டும்.

பிரஷர், சிறுநீரக வருத்தம், இதய வருத்தம், தொய்வு, முன்பு வயிற்றுப்புண் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். அஸ்பிரின் போடுகிறவர்களும் சொல்ல வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கடைசி மூன்று மாதத்தில் பிள்ளையின் இதயத்தைப் பாதிக்கும்.

மாரியில் காய்ச்சல் வந்தால் அது டெங்காக இருக்கலாம். அப்போது இந்தக் குளிசைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிற்றமோல் மட்டுமே போடலாம்.

பரசிற்றமோலுக்கும் அளவு உண்டு. வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் இல்லை. மெலிந்தவர்களும் ஈரல் வருத்தக்காரரும் இன்னும் குறைக்க வேண்டும், அளவைக் கேட்டறியுங்கள். கூடினால் ஈரல் கெட்டுவிடும்.

ட்ரமடோல் வேறு வகை. நித்திரை வரும், தலை சுற்றும், மலம் இறுகும், பழக்கமாகிவிடும். நித்திரைக் குளிசையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். பால் கொடுக்கும் தாய்மார் போடக்கூடாது. நெடுநாள் போட்டவர்கள் சடுதியாக நிறுத்தாமல், டொக்டர் சொல்லும் முறையில் குறைக்க வேண்டும். இதைப் போதைக்குத் தேடுகிறவர்களும் உண்டு; பூட்டி வையுங்கள்.

உங்கள் குளிசையை அயல்வீட்டு அக்காவுக்குக் கொடுக்காதீர்கள். மலம் கறுத்தால், இரத்தமாகச் சத்தி எடுத்தால், முகமோ காலோ வீங்கினால், சலம் குறைந்தால் வெட்கப்படாமல் உடனே போங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

அடுத்த கிளினிக்குக்கு ரின்னையே கொண்டுபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் பயந்த கேள்வி எதையும் டொக்டர் கேட்கவில்லை. "இப்ப எவ்வளவு தூரம் நடக்க ஏலும்?" என்றுதான் கேட்டார். டைக்ளோபெனாக்கை நிறுத்தினார். பரசிற்றமோலும் காலுக்குப் பயிற்சியும் எழுதித் தந்தார். நோ முற்றாகப் போகவில்லை. ஆனால் இரவில் நித்திரை கொள்கிறேன்.

இப்போது ஒவ்வொரு மருந்தும் அதனதன் கடதாசிப் பையிலேயே இருக்கிறது. பையின் மேல் மூலப் பெயரை மகள் தமிழில் எழுதிவைத்திருக்கிறாள். கிளினிக் நாளில் பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் சொல்லுவேன்: "வீட்டில கிடக்கிற எல்லாக் குளிசையையும் கொண்டு வாங்க. கேட்டால் ஒளிக்காமச் சொல்லுங்க."